எழுபது டாலர் வரலாற்றாசிரியர்

அமெரிக்காவில் ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கத்துச் சிறு ஊர்களில் வார இறுதிகளில் துப்பாக்கிச் சந்தை கூடும். பொருட்காட்சித் திடலில் நீளநீளமாக மேசை போட்டிருப்பார்கள். பளபளவென்று கறுப்பு பிளாஸ்டிக்கில் நிற்கும் புதுச் சரக்கை நம் ஆள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். எண்ணெய் வாடையும் துரு வாடையும் கலந்து வரும் மூலைக்கு நேரே போய்விடுவார். ஐம்பதைத் தாண்டிய வயது, சட்டைப் பையில் சின்ன டார்ச், மூக்கு நுனியில் கண்ணாடி. கடைக்காரர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் துப்பாக்கியின் பின்புற அடைப்பான போல்ட்டை உருவிவிட்டுக் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்திருப்பார்.

உலகத்துப் படைகள் கழித்துக்கட்டிய பழைய ரைஃபிள்களை மலிவாக வாங்கிச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. "நான் துப்பாக்கி சேர்க்கலை, வரலாறு சேர்க்கிறேன்" என்பார். இது முக்கால்வாசி உண்மை. அவருக்குத் துல்லியமாகத் தெரிந்த வரலாறு விலை வரலாறு. ஸ்டாலின்கிராட் சண்டை எந்த மாதம் முடிந்தது என்றால் கொஞ்சம் யோசிப்பார். 2010 வாக்கில் ரஷ்ய மோசின்-நாகன் என்ன விலைக்குப் போனது என்றால் யோசிக்கவே மாட்டார். "நூறு டாலருக்குள்ள! எழுபதுக்கே பார்த்தேன். பீப்பாய்ல குடையைச் சொருகி வைக்கிற மாதிரி சொருகி வச்சிருந்தாங்க." அப்போது ஒன்றே ஒன்றை வாங்கிவிட்டு வீடு திரும்பியதை, பரம்பரை நிலத்தை விற்றவர் முகத்தோடு சொல்வார். வாங்காமல் விட்டவற்றின் விலை சென்ட் சுத்தமாக நினைவிருக்கும். வாங்கியவற்றின் விலைதான், குறிப்பாக மனைவி பக்கத்தில் இருக்கும்போது, சட்டென்று மறந்துபோகும்.

அந்த மோசின்-நாகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜார் காலத்தில், 1891-இல் ரஷ்யப் படைக்கு வந்தது. 1930-இல் சோவியத் ஆட்கள் திருத்தினார்கள். எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 3.7 கோடி செய்தார்கள். இத்தனை கோடி உள்ள ஒரு பொருளை அபூர்வம் என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஆள் சொல்வார். இஷெவ்ஸ்க் ஆலையா, துலா ஆலையா, போருக்கு முந்தையதா, 1942-இல் அவசரமாகக் கடைந்து தள்ளியதா என்று பிரித்துக்கொண்டே போய், கடைசியில் தம் கையில் இருப்பது உலகத்திலேயே ஒன்றுதான் என்ற இடத்துக்கு வந்து சேர்வார்.

இந்த மலிவுச் சரக்குக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1963 மார்ச்சில் பத்திரிகை விளம்பரக் கூப்பனை நிரப்பி, தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட் அனுப்பி, சிகாகோ கடை ஒன்றிலிருந்து இத்தாலியக் கர்கானோ ரைஃபிளை வேறு பெயரில் வரவழைத்தான் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த நவம்பரில் அதிபர் கென்னடியைச் சுட்டது அந்தத் துப்பாக்கியால்தான். 1968-இல் வந்த சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பதையும், படைக் கழிவுத் துப்பாக்கி இறக்குமதியையும் நிறுத்தியது. 1980-களின் நடுவில் பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும் கதவு மறுபடி திறந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்று தனி உரிமம் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முப்பது டாலர். அது இருந்தால் துப்பாக்கி வீட்டு வாசலுக்கே பார்சலில் வரும். அண்டை வீட்டுக்காரர் செருப்பு வரவழைக்கிறார். இவர் 1943-இல் செய்த ரைஃபிள் வரவழைக்கிறார்.

பார்சல் வந்த அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் வேலை. அந்தத் துப்பாக்கிகளைக் கிடங்கில் போடுவதற்கு முன் காஸ்மோலின் என்ற பழுப்பு கிரீஸில் முக்கி எடுத்திருப்பார்கள். ஐம்பது அறுபது ஆண்டில் அது மரத்துக்குள் ஊறி, திருகுக்குள் இறங்கி, குழலை அடைத்துக்கொண்டிருக்கும். வெந்நீர் ஊற்றுவார். மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் துடைப்பார். மரக்கட்டையைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, ஜூலை வெயிலில் காருக்குள் வைத்து வியர்க்கவிடுவார். வேர்வை வடியும், காரும் ஒரு பருவம் முழுக்க ரஷ்யக் கிடங்கு வாடை அடிக்கும். பொறுமை இல்லாத சிலர் உலோகப் பாகங்களைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டதும் உண்டு. அந்த வீடுகளில் பிறகு யார் பாத்திரம் கழுவினார்கள் என்று விசாரிக்காமல் இருப்பது நாகரிகம்.

தோட்டாவும் அப்போது மலிவுதான், அதுவும் தகர டப்பாவில். ஒரு டப்பாவில் 440. மரப்பெட்டிக்கு இரண்டு டப்பா, அவற்றைத் திறக்க ஒரே ஒரு திறப்பான். டப்பாவைத் தனியாக வாங்கியவருக்குத் திறப்பான் கிடைக்காது. ஸ்க்ரூ டிரைவரையும் சுத்தியலையும் வைத்துத் தன் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டியதுதான். அந்தக் காலத் தோட்டாவின் அடியில் தீப்பொறி கிளப்பும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் குழலுக்குள் உப்புப் படியும், உப்பு ஈரத்தை இழுக்கும், விட்டால் துரு. ஆகவே சுட்ட அன்றே குழலைக் கழுவியாக வேண்டும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம்தான் இதற்கு அருமருந்து என்று ஒரு கட்சி. அதில் வேலை செய்வதே தண்ணீர்தான், வெறும் வெந்நீர் போதும் என்று எதிர்க்கட்சி. வெந்நீர்க் கட்சி சொல்வதுதான் சரி. ஆனால் நாற்பது ஆண்டு நட்பைத் தண்ணீருக்காக முறித்துக்கொள்ள முடியுமா?

சுடுகளத்தில் வேறு சோதனை. வாசலில் நிற்கிறவர் தோட்டா மீது காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் உள்ளே விடமாட்டார். எஃகு கலந்த தோட்டா பின்னாலுள்ள இரும்புத் தடுப்பைக் கெடுத்துவிடும் என்ற பயம். நம் ஆளுடைய மலிவுச் சரக்கு கச்சிதமாக ஒட்டும். பிறகு ஏதாவது குவாரிப் பக்கத்துத் திறந்தவெளிக் களத்தைத் தேடிக் காரில் போவார். பெட்ரோல் செலவு தோட்டாக் கணக்கில் சேராது. அங்கே போனதும் குழல் முனையில் பயனெட் கத்தியை மாட்டுவார். மோசின்-நாகனை ஆலையிலேயே பயனெட்டோடு வைத்துத்தான் குறி சரிபார்த்தார்கள் என்பது அவருடைய வாதம், அது சரியும்கூட. ஆனால் ஐந்தரை அடி நீள ஈட்டியோடு ஒருவர் குனிந்து குறி பார்க்கும்போது பக்கத்து மேசைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அடிக்கட்டை முனையில் இரும்புத் தகடு. ஒவ்வொரு வெடிக்கும் தோளில் ஓர் உதை. இருபது சுற்றுக்குப் பிறகு போல்ட் சூட்டில் இறுகிவிடும். அதற்கென்றே ஒரு மரச்சுத்தியல் பையில் இருக்கும். குண்டு எங்கே பட்டது என்பதைப் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார். பழைய குழல், பல சிப்பாய்கள் முனைப் பக்கமாகவே துடைத்துத் துடைத்துத் தேய்த்தது. குற்றம் ரஷ்யாவில் நடந்துவிட்டது.

அவரைக் கிண்டல் செய்துகொண்டே போகலாம். ஆனால் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுவிட்சர்லாந்தின் கே31 ரைஃபிளின் அடித்தகட்டைக் கழற்றினால் சிலவற்றில் அதை வைத்திருந்த சிப்பாயின் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு இருக்கும். அந்த முகவரிக்குக் கடிதம் போட்டு, பதில் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் அரிசாகா ரைஃபிளில் குழல் பொருந்தும் உலோக உடலின் மேல் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரை. 1945 சரணாகதியின்போது பலவற்றில் அதை அராவி அழித்துவிட்டார்கள். பூ அழியாதது என்றால் நம் ஆள் குரலைத் தாழ்த்துவார். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரை இஷாப்பூரில் செய்த லீ-என்ஃபீல்டும் அவரிடம் ஒன்று உண்டு. முன்கட்டையில் கம்பி சுற்றியிருக்கும். முனையில் கையெறி குண்டை மாட்டிச் சுடும்போது மரம் பிளக்காமல் இருக்க அந்தக் கட்டு. நம் ஊர்க் காவலர் தோளில் நாம் பார்த்துப் பழகிய 303 ரைஃபிளின் உடன்பிறப்பு, ஒஹாயோ நிலவறையில் தனி விளக்கின் கீழ் நிற்கிறது. 2003-இல் காத்மாண்டு பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கை இரண்டு அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கியபோது, நூறாண்டு அழுக்கோடே விற்பனைக்கு வந்த மார்ட்டினி துப்பாக்கிகளில் ஒன்றும் அதன் பக்கத்தில்.

அவருக்குக் கண்ணீர் வருவது ஒரே விஷயத்தில். 1950-களில் மலிவாக வந்த அருமையான மவுசர் ரைஃபிள்களை மான் வேட்டைக்கு வசதியாக இருக்கட்டும் என்று ரம்பத்தால் அறுத்து, துளை போட்டு, வார்னிஷ் அடித்தார்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள். அப்படி அறுத்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். அதைப் பற்றிக் கேட்கக் கூடாது.

இப்போது ஊற்று வற்றிக்கொண்டிருக்கிறது. பனிப்போர் முடிந்து கொட்டிய கிடங்குகள் பெரும்பாலும் காலி. 2021-இல் ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புது இறக்குமதி அனுமதி இல்லை என்று அமெரிக்க அரசு அறிவித்தது. எழுபது டாலர் மோசின் முந்நூறு, நானூறு என்று நிற்கிறது. "பைத்தியக்கார விலை, யார் வாங்குவாங்க?" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, போன மாதம் இன்னொன்று வாங்கினார்.

உரிமக்காரர் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். செய்த ஆலை, மாடல், வரிசை எண், குழல் அளவு, வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது எல்லாம் அதில் ஏறியாக வேண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்து முத்து முத்தான எழுத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார். மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. விலை எங்கே?"

"அரசாங்கம் அந்தக் கட்டத்தை வைக்கலையே," என்றார், அரசாங்கத்தைப் பற்றி வாழ்நாளில் முதல்முறையாக நன்றியோடு.