நாட்காட்டி வைராக்கியர்

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று வைராக்கியத்தை மூவகையாகப் பகுத்து, மூன்றும் அற்பாயுசு உடையவை என்று சொல்லிப்போன நம் முன்னோர், மன்னார்த் தீவிலே சிலகாலம் வசித்திருப்பார்களாயின், நான்காவதாக நாட்காட்டி வைராக்கியம் என்ற ஒன்றையும் அவசியம் சேர்த்திருப்பார்கள். ஏனைய ஊர்களிலே நற்பழக்கம் தொடங்க விரும்புகிறவனுக்கு வருஷத்தில் இரண்டொரு முகூர்த்தங்களே வாய்க்கும். சைவரும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அடுத்தடுத்து வாழும் இந்தத் தீவிலோ, ஆங்கில வருஷப் பிறப்பான தை முதலாந் திகதி தவறவிட்டதைப் பொங்கலிலும், பொங்கலில் தவறியதைச் சிவராத்திரியிலும், அதுவும் கைநழுவினால் விபூதிப் புதனிலோ நோன்புப் பிறையிலோ சித்திரைப் பிறப்பிலோ, எல்லாம் போனாலும் மடுமாதாவின் ஆவணித் திருவிழாவிலோ புதிதாக ஆரம்பித்துக்கொள்ளலாம்.

நமது வைராக்கியர், ஓய்வுபெற்ற இலிகிதர், பிறப்பால் சைவர். சங்கற்பத்தால் சர்வமத சமரசவாதி. சிவராத்திரி இரவிலே, பாலாவித் தீர்த்தத்தைத் தம் கையாலேயே மொண்டுவந்து திருக்கேதீச்சரத்து லிங்கத்திற்கு வார்த்துவிட்டு, இனிச் சுருட்டைத் தொடுவதில்லை என்று ஈர வேட்டியோடு பிரதிக்ஞை செய்தவர், விபூதிப் புதனன்று அதே பிரதிக்ஞையை அயல்வீட்டுக் கத்தோலிக்கரோடு சேர்ந்து மீண்டும் செய்தார் என்றால், இடைப்பட்ட நாட்களில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவருடைய சங்கற்பங்களுக்கெல்லாம் பிரதம கணக்காய்வாளர் அவருடைய பாரியாரே. “இந்தமுறை என்னத்தை விடப்போறியள்? போன மாசம் விட்ட சுருட்டு இன்னும் உங்கடை கையிலைதானே கிடக்குது!” என்று அந்த அம்மையார் கேட்பதில் கோபம் கிடையாது, வரவு செலவு சரிபார்க்கும் நிதானம் மட்டுமே உண்டு.

சீனியை ஒழிப்பதாகச் சித்திரையில் விரதம் பூண்டவர், கடைத்தெருவிலே, “தம்பி, சீனி போடாமல் ஒரு பிளேன்டி” என்று நாலுபேர் காதில் விழச் சொல்லிவிட்டு, மடியிலிருந்து பனங்கட்டித் துண்டொன்றை எடுத்துக் கடைவாயில் அதக்கிக்கொள்வார். சீனி நஞ்சு, பனங்கட்டி மருந்து என்பது அவரது வியாக்கியானம். காலைநடைக்கு அவர் தேர்ந்த எல்லை பள்ளிமுனைப் பெருக்கமரம். அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பெருவிருட்சத்தின் அடி, சுற்றளவில் 19 மீற்றருக்கு மேற்பட்டது. முதல்நாள் மரம்வரை நடந்துபோய் வந்தார். மறுநாள் ஓட்டோவில் போய் இறங்கி மரத்தை வலம் வந்து, ஒரு சுற்றே இத்தனை மீற்றர் என்று கணக்குக் காட்டினார். மூன்றாம் நாள் ஓட்டோக்காரர் வரவில்லை.

சாஸ்திர ஞானம் இல்லாதவர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிட முடியாது. தமக்கென ஒரு சிறு புத்தகத்தில் 13 நற்குணங்களைக் கட்டம்போட்டு எழுதி, வாரத்திற்கொன்றாகப் பயின்று, தவறிய இடத்திலெல்லாம் கரும்புள்ளி குத்திய அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்கிளினை அவர் நன்கறிவார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி பிராங்கிளினின் புத்தகம் ஓட்டை விழுந்துபோயிற்றாம். நம்மவருடைய கொப்பிகளில் அந்தக் குறை கிடையாது, ஏனெனில் அவை யாவும் நான்காம் பக்கத்திற்கு மேல் கன்னி கழியாதவை. பிலிப்பா லாலி என்னும் அம்மையாரும் அவரது சகாக்களும் இலண்டனில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிபையும் அவர் மனனம் செய்திருக்கிறார்: ஒரே வேளையில், ஒரே சூழ்நிலையில் திரும்பத் திரும்பச் செய்யும் காரியம் தானாக நிகழும் பழக்கமாக முதிர்வதற்கு ஏறத்தாழ 66 நாட்கள் பிடிக்கும், ஆளையும் காரியத்தையும் பொறுத்து அது 18 நாளாகவும் இருக்கலாம், 254 நாளாகவும் நீளலாம், நடுவில் ஒருநாள் தவறுவதால் பெரும் பாதகம் இல்லை. இவற்றுள் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் தினந்தோறும், ஒருநாளும் தவறாமல், அனுஷ்டித்து வருகிறார்.

இதே தீவில் பேசாலைப் பக்கத்துக் கடற்றொழிலாளரைப் பாருங்கள். சோளகம் எழும்பினால் ஒரு கடல், வாடை எழும்பினால் மறுகடல் என்று காற்றுக்கேற்றபடி தொழிலை மாற்றிக்கொள்ளும் அவர்களிடம், நள்ளிரவில் எழும்பும் பழக்கத்தை எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டால், கேட்டவரின் மூளையைத்தான் சந்தேகிப்பார்கள். ஆள் குறைந்தால் வாசலில் வந்து கூப்பிடுவதற்குச் சம்மாட்டியார் ஆளனுப்புகிறார். அவ்வளவுதான் அதன் தத்துவம்.

வைராக்கியரின் வாசலுக்கும் அப்படி ஒருவர் வருவதுண்டு. மன்னார்ப் பட்டினத்துத் தெருக்களில் சகல உரிமைகளோடும் உலாவும் கழுதைகளுள் ஒன்று, எப்போதோ அவர் வீசியெறிந்த காய்ந்த பாண்துண்டின் ருசியை மறக்கமாட்டாமல், நாடோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுத் தகரப் படலையைத் தலையால் இடிக்கும். அயலார் ஏசுவார்களே என்ற பயத்தினால் அவர் அலறியடித்து எழும்பி, பாணைப் போட்டு, எழும்பியது எழும்பியாயிற்று என்று முற்றத்தைக் கூட்டி, முருங்கைக்குத் தண்ணீரும் வார்த்துவிடுகிறார். அதிகாலைத் தியானத்திற்காக அவர் வாங்கிய மணிக்கூடு சாதிக்காததை இந்தப் பிராணி, மாரி என்றும் கோடை என்றும் பாராமல், ஆண்டுக்கணக்காகச் சாதித்து வருகிறது. ஆனால், ஒரு கொப்பியிலும் குறிக்கப்படாத காரணத்தால், இதைப் பழக்கம் என்றே அவர் கருதவில்லை.

நான்தான் வாய் சும்மா இராமல் அதை எடுத்துச் சொன்னேன். “அட, இதை நான் யோசிக்கேல்லையே!” என்று கண்கள் பளபளக்க எழும்பிச் சென்றவர், அன்று மாலையே புதுக்கொப்பியும் அடிமட்டமும் சிவப்புப் பேனையும் வாங்கிவந்து, முதற்பக்கத்தில் கோணாமல் கட்டம்போட்டு, ‘அதிகாலை 5 மணி: கழுதைக்குப் பாண்’ என்று முத்துமுத்தாக எழுதி, அதன்கீழ், ‘ஆரம்பம்: வருகிற தை முதலாந் திகதி’ என்று அடிக்கோடும் இட்டு என்னிடம் நீட்டினார்.

“அப்ப, அதுவரைக்கும் கழுதைக்கு?” என்று குசினிக்குள்ளிருந்து அம்மையார் கேட்டார்.