அன்று திண்ணையில் கூட்டம்

எழுபதுகளில் ஜூன் பிறந்தால், திருப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் திண்ணையில் கூட்டம் நிற்கும். பெரிய வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையையும் வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். எட்டாத பிள்ளை அழுதுகொண்டே திரும்பும். எட்டிய பிள்ளைக்குப் பிறந்த தேதியையும் அவரே எழுதிக்கொள்வார்.

தோட்டக்காரர் மகனும், அந்தத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர் மகனும், தறி ஓட்டுபவர் மகளும் ஒரே தரையில்தான் உட்கார்ந்தோம். மதியம் கோதுமை உப்புமா. சாதி ஒழிந்துவிடவில்லை, வீட்டுக்குப் போனால் அது காத்திருந்தது. ஆனாலும் கூரை ஒழுகினால் தோட்டக்காரரே ஆள் விட்டு ஓடு மாற்றினார். நனைவது அவர் மகனும்தானே.

இன்று ஆசிரியைகள்தான் வீடு வீடாகப் போய் நிற்கிறார்கள். முன்னாள் மாணவன் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பதால் நானும் கூடப் போகிறேன். சொல்ல எங்களிடம் நிறைய இருக்கிறது. புத்தகம், சீருடை இலவசம். 1982-இல் வந்த சத்துணவு இருக்கிறது. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டது.

"குறை சொல்லலீங்க. பக்கத்து வூட்டுப் பசங்கெல்லாம் வேன்ல போறாங்க. எம்பையன் மட்டும் நடந்து போனா நல்லாவாங்க இருக்கும்?" என்றார் ஒரு தாய். அவரும் எங்கள் பள்ளியில் படித்தவர்தான். படித்ததால்தான் மகனைப் பற்றி இத்தனை ஆசை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடத்தை நலிந்தவர்களுக்கு ஒதுக்கியது. கட்டணத்தை அரசு தருகிறது. ஏழைப் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் பதிவேட்டிலிருந்து பெயர்கள் போகின்றன. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதும் அதே சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புக்கு இரண்டே பேரா என்று கேட்டு இன்னும் சிலர் போகிறார்கள்.

மிஞ்சியிருப்பவர்கள் ஆதிதிராவிடர் தெருப் பிள்ளைகளும், பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளும். ஒடியா பேசி வந்த சிறுமி சில மாதங்களிலேயே "ஏனுங்க டீச்சர்" என்கிறாள். இவர்களால்தான் பள்ளி மூடாமல் நிற்கிறது. இவர்களுடைய பெற்றோருக்குப் பெரும்பாலும் இங்கே ஓட்டில்லை. கூட்டத்தில் எழுந்து கேட்கத் தமிழும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இந்தி தெரிந்த ஒருவரை அழைத்திருக்கிறேன். அந்தத் தாய்மார்களில் ஒருவரையாவது குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.