மாமி வீட்டில் சாப்பிடுவது எப்படி?

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று உங்களை யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். மந்திரமுமில்லை, மருந்துமில்லை. இங்கே வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவார். தமிழர் வீட்டிலும் அப்படித்தான், முஸ்லிம் வீட்டிலும் அப்படித்தான். ஆகவே வெளியூர் மாப்பிள்ளையே, இனி உங்கள் வயிறு மாமியின் பொறுப்பு. பிழைத்துக்கொள்ளச் சில யோசனைகள்.

காலையில் பிட்டு. வறுத்த அரிசிமாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மாமி விரல்நுனியால் உதிர்க்கும்போது, "எவ்வளவு தண்ணி மாமி?" என்று கேட்காதீர்கள். "மா கேக்கிற அளவு, மனே" என்பார். பிறகு மாவிடம்தான் விசாரிக்க வேண்டும். குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி விழுவதைப் பார்த்து, தமிழரும் முஸ்லிம்களும் இதுபோலத்தான் என்று பேசத் தொடங்கவும் வேண்டாம். மேடைக்கு மேடை கேட்டுக் காது புளித்த உவமை அது. இரு பக்கமும் இரத்தம் சிந்திய 1990ஐக் கண்ட மாமி தலையாட்டமாட்டார். ஆனால் பெருநாளன்று வட்டிலாப்பம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பவும் மாட்டார்.

முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் வீதி நடுவில் பேரீச்ச மரங்களைக் கண்டதும் அரபுச் சாப்பாடு என்று பஸ்ஸைவிட்டு இறங்கிவிடாதீர்கள். உள்ளே வீடுகளில் வேகுவது நம் மட்டக்களப்பு வாவி மீன்தான்.

மத்தியானக் கறியைத் தீர்மானிப்பது மாமியுமல்ல, 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்த வாவி. மாரியில் வெள்ளம் வயலை மூடினால் பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். சட்டியிலும் மீன் மாறும். "இண்டைக்கு நண்டு வைப்பமா?" என்று கேட்கும் மாப்பிள்ளை, காலநிலை அவதான நிலையத்துக்குக் கட்டளையிடுகிறவர்.

இறால் கிடைத்த நாளில் உதவுகிறேன் என்று தலைகளைக் கிள்ளி எறியாதீர்கள். குழம்பின் ருசி அங்கேதான் இருக்கிறது. தேங்காயின் கப்பிப்பாலில் இறால் வெந்த பிறகே தலைப்பால். அதை விட்டதும் மாமி அகப்பையால் மெல்லத் துழாவிக்கொண்டே இருப்பார். கொதித்தால் பால் திரைந்துவிடும். சிரியாவின் அலெப்போவில் இறைச்சியைத் தயிரில் வேகவைக்கும் பெண்களுக்கும் இதே கவலை. அவர்கள் முட்டை அடித்து ஊற்றித் தப்பிக்கிறார்கள். மாமிக்கு அடுப்பை விட்டு அசையாமல் நிற்பதே வழி. அந்த நேரத்தில் தேத்தண்ணி கேட்டால் உங்கள் கலியாணத்துக்கு நான் உத்தரவாதமில்லை.

கடைசியாக, "போதும்" என்று சொல்வது. இதற்கு இந்த ஊரில் வழியில்லை. கோப்பையைக் கையால் மூடினால் விரலிடுக்கில் ஆணம் வரும். எழுந்து கை கழுவினாலும் எருமைத் தயிர்ச் சட்டி முன்னால் வந்து நிற்கும். சீனி போடவா, பாணி விடவா என்பது மட்டுமே கேள்வி. பாணி என்று சொல்லுங்கள்.