வானத்தை வையாத மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. மழை ஏமாத்திருச்சுன்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியுதியாமே. கரிசக்காட்டுல பொறந்தவனுக்கு வானத்தை வையறது பரம்பரைச் சொத்து, நான் குறுக்க நிக்கல. ஆனா பக்கத்துப் பிஞ்சையிலயும் அதே மேகந்தானே பெஞ்சது? அங்க மட்டும் உளுந்து எப்படிக் காய்ச்சுத் தொங்குது?

புரட்டாசியில நீ கையை வீசி வெதச்ச அழகை வரப்புல நின்னு பாத்தவன் நான். ஒரு பக்கம் தேரோட்டக் கூட்டமா நெருக்குது, இன்னொரு பக்கம் ஆடு படுக்க எடம் கெடக்கு. வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நாலு அங்குலம் விடணும். ஏக்கருக்கு 8 கிலோ வெதை தாராளம். மிச்சத்தை வடை சுட்டாவது தின்னுருக்கலாம்.

கஞ்சி குடிக்க மட்டுந்தான்னு நெனச்சியோ? ஆறின சோத்துக்கஞ்சியில ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து, வெதையைப் புரட்டி, நெழல்ல ஒலத்தணும். வெயில்ல போட்டா நுண்ணுயிர் செத்துரும். பூக்கறதுக்கு முன்னால ஒரு செடியை மண்ணோட கெல்லி எடு. வேர்ல கடுகு பருமனுக்கு முடிச்சு இருக்கும். நகத்தால கிள்ளு. உள்ள இளஞ்சிவப்பா இருந்தா, காத்துல கெடக்கிற தழைச்சத்தை ஒனக்காக இழுத்துட்டிருக்குன்னு அர்த்தம். கூலி கேக்காத ஆளு மாப்ளே! நீ யூரியாவை அள்ளி எறைச்சா அது எதுக்கு வேலை பாக்கும்? ஒன்னைய மாதிரியே திண்ணையில படுத்துக்கிடும்.

போன தடவை எலையெல்லாம் மஞ்ச மஞ்சேர்னு நின்னப்ப, 'பாக்க நல்லாத்தான் இருக்கு'ன்னு சொன்ன ஆளுதானே நீ? பொண்ணு பாக்கவா வந்திருக்காக, செடி மஞ்ச தேச்சு நிக்க? அது தேமல் நோவு. வெள்ளை ஈ செடிக்குச் செடி கொண்டு போயிச் சேக்கும். மொதல்ல கண்ட நாலு செடியைப் புடுங்கி அழிச்சிருந்தா காடு தப்பியிருக்கும். வம்பன் ஆராய்ச்சி நிலையத்துல இந்த நோவைத் தாங்குற வம்பன் 8 ரகம் குடுத்திருக்காக. நீ இன்னமும் தாத்தா குலுக்கையில இருந்த வெதையைத்தான் வெதைப்பேங்குற.

பூ எடுக்கையில மண்ணுல ஈரம் இருந்தா, 4 கிலோ டிஏபியை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, தெளிவை மட்டும் வடிச்சு, 200 லிட்டர் தண்ணியில கலந்து சாயங்காலமா ஒரு ஏக்கருக்கு அடி. 15 நாள் கழிச்சு இன்னொருக்க. பூ உதுராது, காய் தெரளும். அந்தச் சாயங்காலம் மட்டும் டீக்கடை நீ இல்லாமப் பொழச்சுக்கிடும்.

இம்புட்டும் செஞ்சுட்டு, களத்துல அடிச்ச அன்னைக்கே ஈரத்தோட மூட்டை கட்டி ஏவாரி வண்டியில ஏத்திராத. 2025-26க்கு உளுந்து குவிண்டாலுக்கு 7,800 ரூவான்னு அரசாங்கம் ஆதார வெலை வச்சிருந்துச்சு. ஈரம் 12 சதத்தைத் தாண்டக் கூடாது. பல்லுல கடிச்சா டக்குன்னு ஒடையணும், அதுவரைக்கும் காயப்போடு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல ஒரு வார்த்தை வெலை கேளு.

நீயோ ஏவாரி வாயத் தொறக்கு முன்னாலயே தலையாட்டுற ஆளு. நேத்து எம்மவ சொன்னா, தீவாளிக்குக் கடையில உளுந்தம்பருப்பு வாங்குனீகளாம். யாரு கண்டா, ஒங்காட்டு உளுந்தாவே இருக்கும். தோலை உரிச்சுத்தான் குடுத்திருக்கான். உளுந்துக்கு மட்டுமா உரிச்சான்னு நீதான் மாப்ளே தடவிப் பாத்துக்கிடணும்.