மருமவனும் 854 கிராமும்

வாரும்வே மருமவனே, தார்சாவுல உக்காரும். கையில புடிச்சு விளையாடுத கம்ப்யூட்டர் வாங்கப் போறீராம்லா? மூணு நாளா பக்கத்து வீட்டுப் பொடியனெப் போன்ல படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டுதான் கெடக்கேன். மாமன் பாய்க்காரன்தானே, இவருக்கு என்ன தெரியும்னு நெனைக்காதீரும்.

ஸ்டீம் டெக்குங்கீரு. 2022ல வந்த சாமான். அதெச் செய்யுத கம்பெனி நம்ம நாட்டுல நேரடியா விக்கல. எவனோ கொண்டாந்து லாபம் வச்சு விக்கதெ வாங்கணும். பட்டன் ஒடிஞ்சா எவன் கடை வாசல்ல போய் நிப்பீரு? ராத்திரி சேக்காளிமாரோட ஆடுதீரே வாலரண்ட், அது அதுல ஓடவும் செய்யாது. விண்டோஸ் பெட்டியில ஓடும். ஆனா மௌஸும் கீபோர்டும் கேக்கும். கையில புடிக்குத சாமானுக்கு மேசை எதுக்குவே?

சரி, ராக் அல்லைங்கீரு. 2023ல இங்கயே 69,990 ரூவாய்க்கு இறக்குனான். 7 இஞ்சுக் கண்ணாடியில குறுக்க 1920 புள்ளி, நெடுக்க 1080. டெக்குல 1280, 800. பெருக்கிப் பாரும், ரெண்டு மடங்கு. நம்ம பாய்ல எண்ணு ஏத்துத கதைதான். 100 எண்ணு, 140 எண்ணுன்னு போகப்போகக் கோரையெ மயிராட்டம் கீறணும், விலையும் தறியெவிட்டு எந்திரிச்சு ஓடும். 1953ல எலிசபெத் ராணி பட்டாபிசேகத்துக்கு நம்ம பத்தமடையிலேருந்து பாய் போச்சும்பாவ. அந்தம்மா அதுல மத்தியானம் படுத்து உருண்டாவளா? நான் படுக்கது முரட்டுக் கோரைப் பாய்தான். குறட்டைக்கு ஒரு கொறையும் இல்ல.

புள்ளி கூடுனா சில்லு முக்கணும், ஃபேன் ஊளையிடும், பேட்டரி கரையும். அல்லையில இருக்கது 40 வாட் அவர். சில்லு 25 வாட் தின்னா ஒண்ணரை மணியாவது வருமேம்பீரு. கண்ணாடியும் ஃபேனும் பட்டினியா கெடக்கும்? பத்தமடையில பஸ் ஏறி ஜங்ஷன் போய்த் திரும்புததுக்குள்ள அணைஞ்சிரும். பொறவு கயத்துல கட்டுன கன்னுக்குட்டியாட்டம் பிளக்கெச் சுத்தி வாரும். அதுக்கு லேப்டாப் போதாதா? 2024ல வந்த அல்லை எக்ஸ்ல பேட்டரி 80, நல்லதுதான். விலையும் அதுக்குத் தக்கன.

பெரிய கண்ணாடி வேணும்னா லீஜன் கோ. 8.8 இஞ்சு, 854 கிராம். நீரோ மல்லாந்து படுத்து ஆடுத ஆளு. கை அசந்தா மூக்கு என்னாகும்னு யோசிச்சுக்கிடும்.

ஒரு சோலி செய்யும். கடைக்குப் போயி துவரம்பருப்பு 850 கிராம் நிறுத்து வாங்கியாரும். ரெண்டு கையிலயும் ஏந்தி, இந்தா இந்தத் திண்ணையில ஒரு மணி நேரம் உக்காரும். கை நோவலேன்னா வாங்கிக்கிடும், நான் குறுக்க நிக்கல. போவையில அந்தப் பருப்பெ அத்தைட்ட குடுத்துட்டுப் போரும். வீட்டுல நேத்தே தீந்துபோச்சு.