முதல் வகுப்பு இலவசம்

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி அண்ணாச்சி இதுவரை 14 யோகா நிலையங்களுக்குப் போயிருக்கிறார். எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்பை யாரும் இலவசமாக நடத்துவதில்லையே.

வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போடும் முன் ஆள் யார், ஜாமீன் யார், நிலம் யார் பேரில் இருக்கிறது என்று துருவிப் பழகிய கை. இடுப்பு வலி என்று போனபோது டாக்டர் போகிற போக்கில், "யோகா மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த "ஏதாவது" அண்ணாச்சிக்கு ஒப்பவில்லை.

"ஏதாவதுன்னா எப்படி தம்பி? நல்லதாப் பாத்துச் சேரணும்லா?"

"ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்" என்று என்னைக் கூப்பிடுவார். அவருடைய ஒரு எட்டு என்பது நங்கநல்லூரிலிருந்து அடையாறு. மறுவாரம் அண்ணா நகர். ஸ்கூட்டரில் நான் பின்னால், என் மடியில் சுருட்டிய பச்சைப் பாய். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட பள்ளங்களில் ஏறி இறங்கி வீடு திரும்பும்போது இடுப்பு வலி ஒரு பிடி கூடியிருக்கும். வலி கூடியதால் தேடலும் கூடும். இப்போது அவருக்கு இருக்கிற வலியில் பாதி, யோகா தேடிப் போய் வந்தது என்பது என் கணிப்பு.

அடையாறு வகுப்பைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், எலுமிச்சைப் புல் வாசனை. எல்லோரும் கையையும் காலையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, அதோமுக சுவானாசனத்தில் நிற்கிறார்கள். அண்ணாச்சி நிற்க முயன்றுகொண்டிருக்கிறார். ஆசிரியை மெல்லிய ஆங்கிலத்தில், மூச்சை இடுப்புக்குள் அனுப்பச் சொன்னார்.

"மூச்சு நுரையீரலுக்குத்தானேம்மா போகும்?"

தலைகீழாகத் தொங்கிய இருபது முகங்கள் எங்கள் பக்கம் திரும்பின.

வகுப்பு முடிந்து வரவேற்பு மேசைக்கு வந்தோம். மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றது அந்தப் பெண். நடுவில் நின்றுவிட்டால் பாக்கிப் பணம் வருமா என்று இவர் கேட்டார். "எதுக்கு சார் நிக்கணும்?" என்றது அது, வெள்ளையாக. அண்ணாச்சி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஜனவரியில பணத்தைக் கட்டிட்டு பிப்ரவரியில வராம இருக்காம்லா, அவன் காசுலதான் இந்த ஏசி ஓடுது. எங்க பேங்குல வாராக்கடன்னா நட்டம். இங்க வாராத ஆளுதான் லாபம்." இதில் எனக்கும் மறுப்பில்லை.

ஆசிரியையின் சான்றிதழ் சுவரில் தொங்கியது. 200 மணி நேரப் பயிற்சி. உலகத்தில் பல இடங்களில் இந்த 200 மணிக் கணக்குத்தான் செல்லுபடி. அண்ணாச்சி வாய்க்குள்ளேயே வகுத்தார். "நாளைக்கு எட்டு மணி நேரம்னு வச்சாலும் 25 நாள். எல்.எல்.ஆர். போட்டவன்கூட முப்பது நாள் கழிச்சுத்தான் லைசென்சு டெஸ்டுக்கே போக முடியும்."

சரி, ரொம்பப் படித்தவர்களிடமே போவோம் என்றேன். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருஷம். அண்ணாச்சி முகம் மாறியது. "அஞ்சரை வருஷம் படிச்சவரு நம்மளப் பாத்தா ஏதாச்சும் கண்டுபிடிச்சிருவாருல்லா?"

சூடேற்றிய அறையில் ஒன்றரை மணி நேரம் 26 ஆசனம் போடும் வகை ஒன்று உண்டு. அறையின் வெப்பம் 40 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போனால் நாம் சும்மா இருந்தே செய்கிற காரியத்துக்கு மாசச் சந்தாவா என்று வாசலோடு திரும்பிவிட்டார். இன்னோரிடத்தில் பெல்ட், மரக்கட்டை, மடக்கு நாற்காலி, சுவரில் கயிறு. "பந்தல் போடக் கூப்பிட்டிருக்காங்களோ?" என்றார் என் காதில்.

இப்படிச் சொல்வதால் அவருக்கு விஷயம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கயிற்றையும் கட்டையையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பி.கே.எஸ். அய்யங்கார் என்பதும், 1966-இல் வந்த அவருடைய புத்தகம்தான் வெளிநாட்டில் வீடுவீடாக யோகாவைக் கொண்டுபோனது என்பதும் அண்ணாச்சிக்கு அத்துப்படி. அய்யங்காரின் அக்காவைக் கட்டியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1930-களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர். பிற்பாடு சென்னைக்கு வந்து, நூறு வயது வாழ்ந்து, 1989-இல் இங்கேயே மறைந்தார். பட்டாபி ஜோயிஸ் அவர் மாணவர். ஹாலிவுட் நடிகைகளுக்குச் சொல்லிக் கொடுத்த இந்திரா தேவியும் அவரிடம் கற்றவரே. "மச்சினனுக்குச் சொல்லிக் குடுத்த வித்தைதான் தம்பி, கப்பலேறிப் போயி கண்ணாடிக் கதவோட திரும்பி வந்திருக்கு" என்பார். இவ்வளவும் தெரிந்த மனிதரின் கைவிரல், குனிந்தால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே போய் நின்றுவிடும். கால் கட்டைவிரலை அவர் கடைசியாகத் தொட்டது மருமகனுக்கு நலுங்கு வைத்த வருஷம் என்கிறார்.

கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1976-இல் தந்தை பேரில் யோக மந்திரம் தொடங்கிய ஊர் இது. அந்த வழியில் வந்த ஆசிரியர் ஒருவர் மந்தைவெளிப் பக்கம் வீட்டிலேயே சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு அங்கும் போனோம். ஏசி இல்லை, வாசனை இல்லை, சான்றிதழ்கூட மாட்டவில்லை. அண்ணாச்சி தன் விசாரணையைத் தொடங்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார். எத்தனை மணிக்குத் தூக்கம்? எங்கே வலி? மூச்சு வாங்குமா? தேவையை வைத்துத்தான் ஆசனம், ஆளுக்கு ஆள் அது மாறும் என்றார். படியிறங்கும்போது அண்ணாச்சி வாடிப்போயிருந்தார்.

"நாம அவரைப் பாத்து முடிவு பண்ணலாம்னு போனோம். அவரு நம்மளப் பாத்து முடிவு பண்ணுவாராம்."

மிச்சமிருந்தது பூங்கா. காலை ஆறு மணிக்குப் பத்துப் பேர் சேர்ந்து செய்கிறார்கள், காசே கிடையாது. "சும்மா சொல்லித் தாரான்னா எங்கயோ இடிக்குதே" என்றார். காசு கேட்டால் கொள்ளை, கேட்காவிட்டால் சூழ்ச்சி. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மாச வாடகைக்கு இடம் பிடித்து எந்த யோகியும் உட்கார முடியாது.

இதற்கிடையில் மதினி. அடுத்த தெருவில், பள்ளிக்கூடக் கூடத்தில் நடக்கிற மனவளக்கலை மன்றத்துக்கு ஒன்பது வருஷமாகப் போய்வருகிறார். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய பயிற்சிகள்: கைக்கு, காலுக்கு, மூச்சுக்கு, கண்ணுக்கு. செலவு பால் கணக்கில்கூடத் தெரியாத அளவு. மதினிக்கு இடுப்பு வலி கிடையாது. அங்கேயே போகலாமே என்று ஒருமுறை கேட்டேன். அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அடுத்த தெருவுல இருக்கது எப்படி நல்லதா இருக்கும்?"

அவர் யோகா நிலையங்களின் குறைகளை அடுக்க ஆரம்பித்தால் மதினி கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு கண்ணை மூடி, "வாழ்க வளமுடன்" என்பார். மன்றத்தில் அது வாழ்த்து. வீட்டில் அதற்குப் பொருள் வேறு.

போன ஞாயிறு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பச்சைப் பாய் விரிந்து கிடந்தது. மேலே ஈரவேட்டி, வேட்டி மேல் வரிசை வரிசையாகக் கூழ்வத்தல். அண்ணாச்சி பக்கத்தில் கம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா நகர்ல புதுசா ஒண்ணு திறந்திருக்கான். நாலு மணிக்கு டிரையல். பாயைக் கேட்டா, வத்தல் காஞ்சாத்தான்னு சொல்லிட்டா உங்க மதினி."

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை வந்து வேட்டி ஓரத்தில் உட்கார்ந்தது. கம்பு எட்டவில்லை. அண்ணாச்சி சட்டென்று குனிந்தார், முழங்கால் மடங்காமல், முழு உள்ளங்கை தரையில் படக் குனிந்து, கழற்றிக் கிடந்த செருப்பை எடுத்து வீசினார். காக்கை ஒரு வத்தலோடு பறந்தது.

"அண்ணாச்சி, தரையைத் தொட்டுட்டீங்க!"

"செருப்பு அடுத்த வீட்டு மாடியில போயி விழுந்துட்டு தம்பி. ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோமா?"