சித்தப்பாவுக்கு, ஒழுகும் காரைப் பற்றி

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். சித்தியின் முழங்கால் நோ குறைந்துவிட்டதோ? பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் சொல்கிறது. வீட்டில் வருத்தக்காரன் ஒருத்தன்தான்: 2006ஆம் ஆண்டு யப்பான் கார்.

வருத்தம் இரண்டு. முதலாவது தயக்கம். ரவுண்டபவுட்டில் இடைவெளி கிடைத்து அக்சிலேற்றரை மிதித்தால், சீதனம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒருக்கால் யோசித்துவிட்டுத்தான் அசையும். பின்னால் நிற்கும் வெள்ளைக்காரர் ஹோர்ன் அடிக்கமாட்டார். பெருமூச்சு மட்டும் விடுவார். இரண்டாவது ஒழுக்கு. இரவு நிறுத்திய இடத்தில் விடிய ஒரு கறுப்புப் பொட்டு. பக்கத்து வீட்டுக் கிழவர் அதைப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிக் கால்மணித்தியாலம் பேசினார். பொட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த ஊரில் அதுதான் கடுங்கண்டனம்.

இங்கே மூன்று வயது தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. என்ற பரீட்சைக்குப் போகவேணும். கட்டணம் கூடினால் 54.85 பவுண். 2018 மே தொடக்கம் சட்டம் இறுக்கம்: எஞ்சின் லைற் எரிந்தாலும் பெயில், ஒயில் அளவுக்கு மீறி ஒழுகினாலும் பெயில். உங்கள் பழைய ஏ-40 காருக்கு இந்தக் கவலை இருந்திராது; 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்குப் பரீட்சை கட்டாயமில்லை. ஆனால் பெற்றோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய கதையை மட்டும் இங்கத்தைய அதிகாரிகளிடம் சொல்லிவிடாதேங்கோ.

கோயில் கார்ப் பார்க்கில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் பெற்றோல் பம்ப் என்றார். இன்னொருவர் கியர்பொக்ஸ் என்றார். மூன்றாமவர் பொனற்றைத் திறக்காமலே, 'தள்ளிவிட்டுப் புதுசு வாங்கு' என்றார். அவருக்குக் கார்க்கடன் எடுத்துக்கொடுக்கிற வேலை. கராச்காரர் கீழே குனிந்து பார்த்து, கிராங்கின் பின்பக்கச் சீல் போய்விட்டது, கியர்பொக்ஸை இறக்கவேணும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு இதே மாதிரி இன்னொரு கார் வாங்கலாம். அவர் சொன்ன தொகைக்கு மேல் 20 வீதம் வற் வரி வேறு.

நீங்கள் ஸ்குறூட்றைவர் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எது முனகுகிறது என்று சொல்வீர்களே! இப்போது அந்த வேலைக்கு ஸ்ரியறிங்கின் கீழே ஒரு சொக்கற் இருக்கிறது. 20 பவுண் சாமான் ஒன்றைச் செருகினால் கார் தன் வருத்தத்தை ரெலிபோனுக்குச் சொல்லும். எங்களுடையது சொன்னது இரண்டு கோட்: பி 0302, பி 0171. முந்தினது, இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது. மற்றது, காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்பது. கோட் நோவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இது விளங்காமல் சென்சர் சென்சராக வாங்கி மாற்றுகிறவர்கள் இங்கே கனபேர்.

இரண்டாம் சிலிண்டரின் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலைக் கழற்றினால் அதன் றப்பர்க் கால் ஒயிலில் குளித்திருக்கிறது! அந்தக் கொயிலை மூன்றாவது சிலிண்டரில் மாட்டினேன். கோட் பி 0303 ஆகியது. ஆகவே கொயில் பழுது. ஆனால் பிளக் குழிக்குள் ஒயில் எப்படி வந்தது?

ஒயில் கீழ்நோக்கி வடியும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் சொட்டுகிற இடத்தை நம்பக்கூடாது. நனைந்த இடங்களில் ஆக உயரத்திலும் ஆக முன்னுக்கும் இருப்பதைத் தேடவேணும். எஞ்சினைக் கழுவித் துடைத்து, பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவி, ஒரு சுற்று ஓடிவந்து பார்த்தேன். எஞ்சின் மேல்மூடியின் பின் ஓரத்தில் தொடங்கிய ஒயில் கோடு, முதுகு வழியே இறங்கிக் கியர்பொக்ஸ் மூட்டில் முடிந்தது. கராச்காரர் பார்த்தது அந்தக் கடைசித் தரிப்பிடத்தை. பிளக் குழிக்குள் ஒயிலை விட்டதும் அதே மேல்மூடியின் காஸ்கற்தான்.

சரி, காஸ்கற் ஏன் தோற்றது? பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே கொஞ்சம் புகை போவது எல்லா எஞ்சினிலும் உள்ளது. உங்கள் காலத்துக் கார்களில் அது ஒரு குழாய் வழியே தெருவுக்குப் போகும். கலிபோர்னியாவில் புகைமூட்டம் தாங்காமல், 1961 மொடல் கார்களிலிருந்து அதைத் திருப்பி எஞ்சினுக்கே உறிஞ்சக் கொடுக்கும் ஒரு சின்ன வால்வைப் பூட்டினார்கள். அந்த வால்வு அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறி, பலவீனமான காஸ்கற்றால் ஒயிலை வெளியே தள்ளும். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் டாக்குத்தர்மார் போடும் மெல்லிய கையுறையை மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். உள்ளே உறிஞ்சப்பட வேண்டிய கையுறை, ஐந்து விரலும் விரித்து எழுந்து என்னை ஆசீர்வதித்தது. வால்வுக்குப் போகும் றப்பர்க் குழாயும், எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்து நுனியில் வெடித்திருந்தது. களவுக் காற்று அதனூடாகப் புகுந்ததால்தான் பி 0171.

வால்வு, குழாய், காஸ்கற், ஒரு கொயில். செலவு, கராச்காரர் சொன்னதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. கார் பரீட்சை பாஸ்.

சித்தப்பா, உங்கள் பட்டறைப் பொடியளுக்கு ஒன்று சொல்லி வையுங்கோ. தயக்கமும் ஒயில் ஒழுக்கும் சேர்ந்து ஒரு பழைய கார் வந்தால், எஞ்சினில் கைவைக்க முதல் அந்த வால்வைக் கழற்றி ஆட்டிப் பார்க்கட்டும். கடகடவென்று சத்தம் கேட்காவிட்டால் முதலில் அதை மாற்றவேணும். அதை விட்டுவிட்டுக் காஸ்கற்றை மட்டும் மாற்றினால் புதுக் காஸ்கற்றும் ஒழுகும்.

இப்படிக்கு,
அன்புள்ள பெறாமகன்